மெட்ரோனிடசோல்: சீட்டு கையில் வந்தது முதல் கடைசி மாத்திரை வரை

“அண்ணே, காலையிலேர்ந்து வயித்தால போகுது. மெட்ரோஜில் 400, ரெண்டு மாத்திரை குடுங்க.”

மருந்துக்கடையில் நிற்கும் என்னைப் போன்றவர்கள் வாரத்தில் பலமுறை கேட்கும் பேச்சு இது. மருந்தின் பெயரைச் சரியாகத்தான் சொல்கிறார்கள். மற்றது இரண்டும் தவறு. காலையில் தொடங்கிய அந்த வயிற்றுப்போக்குக்கு அநேகமாக இந்த மருந்து தேவையே இல்லை. தேவைப்படும் நோயாக இருந்தால் இரண்டு மாத்திரையில் அது முடியாது.

மருந்தின் உண்மையான பெயர் மெட்ரோனிடசோல். மெட்ரோஜில், பிளாஜில் எல்லாம் கம்பெனிகள் வைத்த பெயர்கள். உள்ளே இருப்பது ஒன்றுதான். இந்தியாவில் இதை மருத்துவர் சீட்டின் பேரில்தான் விற்க வேண்டும். நடப்பு வேறு என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சரி, இந்த வழிகாட்டி சீட்டுக்கு மாற்று அல்ல. சீட்டு வாங்கி வந்தவர், அதில் எழுதியிருப்பது ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்துகொண்டு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு முடிப்பதற்காக எழுதுகிறேன். கீழே வரும் அளவுகள் பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதப்படுபவை. உங்கள் அளவு உங்கள் சீட்டில் இருப்பதுதான்.

படி 1: எந்த இடத்தில் இது வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மெட்ரோனிடசோல் காற்றில்லாத இடத்து மருந்து. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

மாத்திரையாக விழுங்கும்போது இது தூங்கிக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் பிழைக்கும் கிருமி ஒன்றுக்குள் நுழைந்ததும், அந்தக் கிருமி தன் எரிசக்திக்காக நடத்தும் வேதிவினையிலிருந்தே எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு விழித்துக்கொள்ளும். விழித்த மருந்து கிருமியின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கும். அதாவது, கிருமி தன் அடுப்பு நெருப்பாலேயே தன் வீட்டைக் கொளுத்திக்கொள்கிறது. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் அந்த எலக்ட்ரானை ஆக்சிஜன் பிடுங்கிக்கொள்ளும். மருந்து மறுபடி தூங்கப் போய்விடும். நம் உடல் செல்கள் பெரும்பாலும் தப்பிப்பது இப்படித்தான்.

அதனால் இதன் இரை இரண்டு வகை. ஒன்று, ஒருசெல் உயிரிகளான ஒட்டுண்ணிகள்: சீதபேதியும் கல்லீரல் சீழ்க்கட்டியும் தரும் அமீபா, குடலில் ஒட்டிக்கொள்ளும் ஜியார்டியா, பிறப்புறுப்பில் தொற்றும் டிரைக்கோமோனாஸ். இரண்டாவது, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள்: ஈறுக்குள், பெருங்குடலில், ஆழமான காயத்தில், சீழ்க்கட்டியில் குடியிருப்பவை. குடல்வால் அறுவை சிகிச்சையின்போது இதை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவதும், டெட்டனஸ் நோயாளிக்குக் கொடுப்பதும், ஆக்சிஜன் குறைந்த இடத்தில் வாழ்ந்து அல்சர் தரும் எச். பைலோரி கிருமிக்கு வேறு மருந்துகளோடு சேர்த்து எழுதுவதும் இந்தக் கணக்கில்தான்.

சளி, காய்ச்சல், தொண்டை வலி, டைபாய்டு, காலரா, சாதாரண சிறுநீர்த் தொற்று ஆகிய எதிலும் இதற்கு வேலை இல்லை. கேரளத்தில் 2024 முதல் அடிக்கடி செய்தியில் அடிபடும் ‘மூளையைத் தின்னும் அமீபா’வுக்கும் இது மருந்து அல்ல. பெயரில்தான் இரண்டும் அமீபா. அது வேறு உயிரி. அதற்கான மருந்துகளும் வேறு.

இந்த மருந்து பாக்டீரியாவையும் கொல்லும் என்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. பிரான்சின் ரோன்-பூலாங்க் நிறுவனம் 1950களின் இறுதியில் இதை டிரைக்கோமோனாஸுக்காகத்தான் உருவாக்கியது. ஜப்பானில் மண் நுண்ணுயிரி ஒன்றிலிருந்து கிடைத்த அசோமைசின் என்ற பொருள்தான் அதற்கு முன்மாதிரி. டிரைக்கோமோனாஸுக்காக மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு ஈறு புண்ணும் சேர்ந்தே ஆறிப்போனதைப் பிரிட்டனில் ஷின் என்ற பல் மருத்துவர் கவனித்து 1962இல் எழுதினார். ஈறு புண்ணுக்குக் காரணம் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள். 1966இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பவலும் அவருடன் பணியாற்றியவர்களும் அமீபா சீதபேதிக்கும் கல்லீரல் சீழ்க்கட்டிக்கும் இது நன்றாகக் கேட்கிறது என்று காட்டினார்கள். அதுவரை அந்த நோய்க்கு எமெட்டின் ஊசிதான். லியோனார்டு ரோஜர்ஸ் 1912இல் கல்கத்தாவில் புகழ்பெறச் செய்த அந்த ஊசி, அமீபாவை அடித்ததோடு இதயத்தையும் பதம் பார்த்தது. ஊசி போடும் நாட்களில் நோயாளியைப் படுக்கையிலேயே வைத்திருப்பார்கள். இன்று அதே நோய்க்குச் சில ரூபாய் மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறோம்.

படி 2: உங்கள் பேதி இந்த மருந்துக்குரிய பேதிதானா?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. தப்பு அதிகம் நடப்பது இங்கேதான்.

திடீரென்று தண்ணீர் தண்ணீராகப் போகிறது, கூடவே வாந்தி, ரத்தம் இல்லை. இப்படி வருவதில் பெரும்பாலானவை வைரஸாலோ கெட்டுப்போன உணவாலோ வருபவை. சில நாட்களில் தாமாக நிற்கும். அதற்குள் உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறைப்படி இருக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் குடிநீரில் முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலக்கக் கூடாது. அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புச் சாறு ஓ.ஆர்.எஸ். ஆகாது. குழந்தையாக இருந்தால் மருத்துவர் துத்தநாக மாத்திரையும் 14 நாளுக்குச் சேர்ப்பார். மெட்ரோனிடசோலுக்கு இங்கே வேலை இல்லை.

ரத்தமும் சளியுமாகப் போகிறது, அடிக்கடி முக்க வேண்டியிருக்கிறது, போனாலும் போன திருப்தி இல்லை. இது சீதபேதி. ‘சீதபேதி என்றால் அமீபா’ என்று நம் ஊரில் ஒரு பழக்கமான எண்ணம் உண்டு. குழந்தைகளிடம் அது பெரும்பாலும் தவறு. திடீரென்று காய்ச்சலோடு ரத்தபேதி வந்தால் முதல் சந்தேகம் ஷிகெல்லா என்ற பாக்டீரியா. அது காற்றிலும் வாழக்கூடியது, மெட்ரோனிடசோலுக்கு அசையாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்கூட, குழந்தையின் ரத்தபேதிக்கு முதலில் ஷிகெல்லாவுக்கான மருந்தைக் கொடுக்கவே சொல்கிறது. அதில் கேட்காவிட்டாலோ, மலப் பரிசோதனையில் சிவப்பணுக்களை விழுங்கிய அமீபா கண்ணில் பட்டாலோதான் மெட்ரோனிடசோல்.

அமீபா சீதபேதி பொதுவாக மெதுவாக வரும். நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும். பலருக்குக் காய்ச்சலே இருக்காது. ஜியார்டியா இன்னொரு மாதிரி: ரத்தம் இருக்காது, நாற்றம் அதிகம், எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலம், வயிறு உப்புசம், நாள்பட நாள்பட எடை குறையும்.

மலப் பரிசோதனைச் சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. “அமீபா சிஸ்ட் இருக்கு” (சிஸ்ட் என்பது ஓடு போர்த்தி உறங்கும் நிலையில் இருக்கும் அமீபா) என்று எழுதி வந்தால் உடனே மாத்திரை தேடாதீர்கள். நோய் தரும் அமீபாவின் பெயர் என்டமீபா ஹிஸ்டாலிட்டிகா. அதற்கு அச்சு அசலாக ஒரு இரட்டைப் பிறவி இருக்கிறது, என்டமீபா டிஸ்பார் என்று. அதனால் ஒரு தொல்லையும் இல்லை. நுண்ணோக்கியில் சிஸ்டை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. 1993இல்தான் இரண்டும் தனித்தனி இனம் என்று முறையாக ஏற்றுக்கொண்டார்கள். ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கு இந்த வகைச் சீட்டை மட்டும் பார்த்து மருந்து கொடுப்பது சரியல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 1997இல் சொன்னது. வேலைக்குச் சேர எடுத்த பரிசோதனையில் சிஸ்ட் வந்துவிட்டது என்று பதறி வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது: அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், என்னிடம் வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகளும் உண்டு. வலது விலாவின் கீழே வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், சிலருக்கு வலது தோள்பட்டை வரை ஏறும் வலி: இது கல்லீரல் சீழ்க்கட்டியாக இருக்கலாம். பேதியே இல்லாமலும் வரும். நடுத்தர வயது ஆண்களுக்கு அதிகம். யாழ்ப்பாணத்தில் செய்த ஆய்வுகளில் இந்த நோயோடு வந்தவர்களில் கள் குடிக்கும் ஆண்களே மிகுதியாக இருந்தார்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கட்டி தெரிந்துவிடும். இதைக் கடை மாத்திரையில் தள்ளிப்போட்டால் கட்டி உடைந்து நுரையீரல் பக்கமோ வயிற்றுக்குள்ளோ போகலாம்.

படி 3: மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்

அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டியவை இவை.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இதய வால்வு மாற்றியவர்கள் பலர் அசினோகூமரால் அல்லது வார்ஃபரின் சாப்பிடுவார்கள். மெட்ரோனிடசோல் அதன் வேகத்தைக் கூட்டிவிடும். ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) ஏறி, ஈறிலோ சிறுநீரிலோ, மோசமானால் மூளையிலோ ரத்தம் கசியலாம். இந்தப் பட்டியலில் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். காரணம், வால்வுக்கான மாத்திரையை எழுதியவர் ஒரு மருத்துவர். பல் வலிக்கு மெட்ரோனிடசோல் எழுதுபவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவில் இருக்கும் ஒரே ஆள் நீங்கள்தான்.

மனநலச் சிகிச்சையில் லித்தியம் சாப்பிடுபவர்களுக்கு அதன் அளவு ரத்தத்தில் ஏறக்கூடும். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுபவர்களும் சொல்ல வேண்டும். குடியை நிறுத்த டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுபவர்கள், அதை நிறுத்தி இரண்டு வாரம் ஆகும்வரை மெட்ரோனிடசோல் எடுக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் மனக்குழப்பமும் பிரமையும் வருவது பதிவாகியிருக்கிறது. குடிப்பவருக்குத் தெரியாமல் இந்த டைசல்ஃபிராமைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பழக்கம் சில குடும்பங்களில் உண்டு. அப்படிக் கொடுப்பவர்கள் மருத்துவரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள்.

மருந்தைக் கரைத்து அனுப்புவது கல்லீரல். அது மிகவும் கெட்டுப்போயிருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே கை கால் மரத்துப்போகும் நரம்புக் கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்குத் தேவை இருந்தால் மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. குழந்தைக்குக் குறை ஏற்படுத்துகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஆனாலும் முதல் மூன்று மாதத்தில் யோசித்தே எழுதுவார்கள். 2 கிராமை ஒரே வேளையில் விழுங்கும் முறையைத் தவிர்ப்பார்கள். தாய்ப்பாலில் மருந்து கலக்கும். பால் கொடுக்கும் தாய்க்கு அந்த 2 கிராம் முறைதான் ஒரே வழி என்றால், 12 முதல் 24 மணி நேரம் பாலைக் கறந்து கொட்டிவிட்டு அப்புறம் கொடுக்கச் சொல்வதுண்டு.

டினிடசோல், ஆர்னிடசோல், செக்னிடசோல் சாப்பிட்டு முன்பு எப்போதாவது தோலில் தடிப்போ கறுத்த வட்டமோ வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். மெட்ரோனிடசோலோடு சேர்த்து நான்கும் ஒரே குடும்பம்.

படி 4: சீட்டையும் அட்டையையும் சேர்த்துப் படியுங்கள்

மாத்திரை பெரும்பாலும் 200, 400 மி.கி. வலிமையில் வரும். சீட்டில் 400 என்றிருந்து கடையில் 200 கொடுத்தால் இரண்டாகச் சாப்பிட வேண்டும். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆன்டிபயாடிக் அட்டைகளில் சிவப்பு நிறத்தில் செங்குத்தாக ஒரு கோடு இருக்கும். சீட்டில்லாமல் வாங்காதே என்பதற்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த அடையாளம் அது.

1-1-1 என்று எழுதியிருந்தால் மூன்று வேளை. ஏன் மூன்று? ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு சுமார் 8 மணி நேரத்தில் பாதியாகிவிடும். 24ஐ மூன்றால் வகுத்தால் 8. ஆகவே காலை 6, மதியம் 2, இரவு 10 என்று பிரித்துக்கொள்வது நல்லது. காலை 9, மதியம் 1, இரவு 8 என்று சாப்பாட்டு வேளையை ஒட்டிச் சாப்பிட்டால் இரவில் நீண்ட இடைவெளி விழும். கடிகாரம் பிசகாமல் சாப்பிட வேண்டும் என்றில்லை, ஓரளவு சமமாகப் பிரியுங்கள்.

எத்தனை நாள் என்பது நோயைப் பொறுத்தது. அமீபா சீதபேதிக்கும் கல்லீரல் கட்டிக்கும் பெரியவர்களுக்கு 400 முதல் 800 மி.கி. வரை மூன்று வேளை, 5 முதல் 10 நாள். ஜியார்டியாவுக்கு 400 மூன்று வேளை 5 நாள், அல்லது 2 கிராம் ஒரே வேளையாக 3 நாள். பல் சீழுக்கு 200 அல்லது 400, மூன்று வேளை, சில நாட்கள். அதோடு பல்லைச் சரிசெய்யாவிட்டால் சீழ் திரும்ப வரும். பெண்களின் டிரைக்கோமோனாஸுக்கும், நாற்றத்தோடு வெள்ளைப்படும் பாக்டீரியா கோளாறுக்கும் 400 அல்லது 500, இரண்டு வேளை, வழக்கமாக 7 நாள்.

இன்னொரு எச்சரிக்கை, கூட்டு மாத்திரை பற்றியது. ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை, நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் சேர்ந்த மாத்திரை என்று வீட்டு மருந்துப் பெட்டியில் பலருக்குக் கிடக்கும். “எதுவானாலும் ஒன்று அடிக்கும்” என்ற கணக்கில் விற்கப்படுபவை. எனக்கு இவற்றில் உடன்பாடில்லை. கிருமியைக் குறிவைக்காமல் இரண்டு மருந்தை வீசுவது எதிர்ப்புத்திறனைத்தான் வளர்க்கும். நம் நாட்டில் எச். பைலோரியிடம் மெட்ரோனிடசோல் பெருமளவு தோற்றுப்போனதற்கு இந்தத் தாராளமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். எப்படியானாலும், மெட்ரோனிடசோல் எழுதியிருக்கும்போது அந்தக் கூட்டு மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒரே குடும்பத்து மருந்தை இரட்டிப்பாக விழுங்குகிறீர்கள்.

அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது இலவசமாகக் கிடைக்கும். அங்கே கொடுப்பதும் இதே மருந்துதான், மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

“டிரிப்ஸ் போட்டா சீக்கிரம் கேக்கும், இல்லையா?” என்று கேட்பவர்களுக்கு: மெட்ரோனிடசோல் வாய் வழியாகச் சாப்பிட்டாலே கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வாந்தி நிற்காதவர், மயக்கத்தில் இருப்பவர், அறுவை சிகிச்சைக்குப் போகிறவர், மிகவும் முடியாமல் கிடப்பவர் ஆகியோருக்குத்தான் அந்த 100 மி.லி. பாட்டில். விழுங்க முடிகிற ஒருவருக்கு அது கூடுதலாக எதையும் செய்துவிடாது.

படி 5: விழுங்கும் முறை

மாத்திரையைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே, ஒரு டம்ளர் தண்ணீரோடு முழுதாக விழுங்குங்கள். கடிக்காதீர்கள். கடித்தவர்கள் அந்தக் கசப்பை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல் கூடும்.

குழந்தைகளுக்கு வரும் சிரப்பில் இருப்பது பென்சாயில் மெட்ரோனிடசோல். தண்ணீரில் கரையாத இந்த வடிவம் நாக்கில் கசக்காது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், இதற்கு விதி தலைகீழ்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுப்பதே நல்லது. கரையாத மருந்து புட்டியின் அடியில் தங்கும், ஆகவே ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் முதல் நாட்களில் மருந்து குறைவாகவும் கடைசி நாட்களில் கூடுதலாகவும் போகும். அளவு குழந்தையின் எடையை வைத்து வருவது. அக்காள் குழந்தைக்கு எழுதிய அளவு தங்கை குழந்தைக்கு ஆகாது. 5 மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று புட்டியில் பார்த்து, கூட வரும் அளவுமூடியால் ஊற்றுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவுக்கு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்து விழுங்க வேண்டாம். அட்டையை வெயில் படாத இடத்தில் வையுங்கள். இந்த மருந்துக்கு வெளிச்சம் ஆகாது.

படி 6: மது விஷயம்

மெட்ரோனிடசோல் சாப்பிடும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலைவலியும் வாந்தியுமாக ஆகிவிடும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. மருந்தோடு வரும் தாளில், மருந்து முடிந்த பிறகும் 2 அல்லது 3 நாள் வரை தொடக் கூடாது என்றிருக்கும். அண்மைக் காலத்தில் இதன் மீது சந்தேகம் எழுந்திருக்கிறது. ஃபின்லாந்தில் 2002இல் ஆரோக்கியமான ஆண்களுக்கு மருந்தையும் மதுவையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 பால்வினை நோய் வழிகாட்டுதலும் மதுவைத் தவிர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டது.

அப்படியானால் குடிக்கலாமா? என் பதில், வேண்டாம். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. தவிர, கல்லீரல் கட்டியோடு வருபவர்களில் குடிப்பவர்கள் அதிகம். அந்தக் கல்லீரலுக்குப் பத்து நாள் ஓய்வு கொடுப்பதில் நஷ்டமில்லை. இன்னொரு பக்கம், “நேத்து ஒரு பீர் குடிச்சிட்டேன், இன்னிக்கு மாத்திரைய விட்டுட்டேன்” என்று மருந்தை நடுவில் நிறுத்துவது குடித்ததைவிடப் பெரிய தவறு. மருந்தை விடாதீர்கள், குடியை விடுங்கள். தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களிலும் சில இருமல் சிரப்புகளிலும் ஆல்கஹால் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 7: எதைத் தாங்கிக்கொள்வது, எதற்கு ஓடுவது

வாயில் செப்புக் காசை வைத்தது போன்ற ஒரு சுவை பலருக்கு வரும். மருந்து எச்சிலிலும் சுரப்பதால் வாய் கொப்பளித்தாலும் முழுதாகப் போகாது. மருந்து முடிந்ததும் போய்விடும். காபி இரண்டு மூன்று நாள் ருசிக்காது, அவ்வளவுதான். குமட்டல், பசியின்மை, நாக்கில் படிவு, லேசான தலைவலி வரலாம். சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ காபி நிறமாகவோ போனால் பயப்பட வேண்டாம், மருந்தின் கழிவுதான் அந்த நிறம். ஆனால் கண் மஞ்சளாகி, சிறுநீரும் மஞ்சளாகப் போனால் அது வேறு கதை, மருத்துவரைப் பாருங்கள். சில பெண்களுக்கு அரிப்போடு தயிர்போன்ற வெள்ளைப்படுதல் தொடங்கும். அது பூஞ்சை, அதற்குத் தனி மருந்து உண்டு.

நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியவை: உடம்பெல்லாம் தடிப்பு, வாயிலும் கண்ணிலும் புண், தோல் உரிதல், முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், வலிப்பு. இவற்றோடு நரம்பு சார்ந்த அறிகுறிகளும். பாதத்திலும் விரல்களிலும் ஊசி குத்துவது போன்ற உணர்வு, மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை நாட்கணக்கில் அல்லாமல் வாரக்கணக்கில் சாப்பிடுபவர்களிடம்தான் பெரும்பாலும் காணப்படும். மூளையில், எலும்பில் சீழ் என்று நீண்ட சிகிச்சை எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் மூளை சார்ந்த கோளாறு பெரும்பாலும் சரியாகிவிடும். கால் மரப்பு மட்டும் சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். மருந்து சாப்பிடும் நாட்களில் கல்லீரல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் ஆய்வகத்திடம் சொல்லுங்கள். சில பரிசோதனை முறைகளில் இந்த மருந்து எண்ணைக் குறைத்துக் காட்டும்.

“இது கேன்சர் வரவைக்கும்னு படிச்சேன்” என்று கேட்பவர்களும் உண்டு. எலியிலும் சுண்டெலியிலும் அதிக அளவில் நெடுநாள் கொடுத்தபோது கட்டிகள் வந்தன. அதை வைத்துத்தான் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை இதை ‘2பி’ வகையில், அதாவது வாய்ப்பிருக்கலாம் என்ற வகையில் வைத்திருக்கிறது. மனிதரிடம் அப்படி நிரூபணமாகவில்லை. தேவையான நோய்க்கு ஒரு வாரம் சாப்பிட இது தடையல்ல. தேவையில்லாமல் சாப்பிடாமல் இருக்க இன்னொரு காரணம் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

படி 8: கடைசி மாத்திரைக்குப் பிறகு

அமீபா நோய்க்குச் சாப்பிட்டவர்களுக்கு இங்கே ஒரு படி மீதி இருக்கிறது. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். மெட்ரோனிடசோல் முழுவதும் ரத்தத்துக்குப் போய்விடுகிறது என்று சொன்னேன் அல்லவா? அதன் பலவீனமும் அதுதான். குடலின் சுவரிலும் கல்லீரலிலும் இருக்கும் அமீபாவைத் தேடிப் பிடித்துக் கொல்லும் மருந்து, பெருங்குடலின் உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும் சிஸ்டுகளுக்குப் போதுமான அளவு போய்ச் சேருவதில்லை. அவை தங்கினால் சில மாதத்தில் நோய் திரும்பலாம். வீட்டில் மற்றவர்களுக்கும் பரவலாம். அதற்காகத்தான் டைலோக்சனைடு ஃபியூரோயேட் 500 மி.கி. மூன்று வேளை 10 நாள் என்றோ, பாரோமோமைசின் என்றோ இரண்டாவது மருந்து எழுதுவார்கள். சீட்டில் அது இல்லையென்றால், “இதுக்கப்புறம் இன்னொரு மருந்து உண்டா டாக்டர்?” என்று கேட்டுவிடுங்கள்.

டிரைக்கோமோனாஸுக்குச் சாப்பிட்டவர்களுக்கு, கணவரும் அதே நேரத்தில் சாப்பிட வேண்டும், அவருக்குத் தொந்தரவே இல்லாவிட்டாலும். இருவரின் மருந்தும் முடியும்வரை உறவு வேண்டாம். நாற்றத்தோடு வெள்ளைப்படும் பாக்டீரியா கோளாறில் துணைக்கு மருந்து தேவையில்லை என்றுதான் நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2025இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், கணவருக்கும் மாத்திரையும் பூச்சு மருந்தும் கொடுத்தபோது பெண்ணுக்கு நோய் திரும்புவது நன்றாகக் குறைந்தது. அடிக்கடி திரும்பத் திரும்ப வந்து அவதிப்படுபவர்கள் இதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லலாம். இதைப் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரே மாத்திரையை நாலைந்து முறை வாங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கல்லீரல் கட்டிக்குச் சாப்பிட்டவர்களுக்கு மூன்று நாளில் காய்ச்சலும் வலியும் குறையத் தொடங்க வேண்டும். குறையவில்லையென்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள், ஊசி வைத்துச் சீழை எடுக்க வேண்டியிருக்கலாம். குறைந்துவிட்டால் அடுத்து ஒரு குழப்பம் வரும். ஒரு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால் கட்டியின் குழி அப்படியே தெரியும். நோய் போய்விட்டாலும் அந்தக் குழி மறைய மாதக்கணக்கில் ஆகும். அந்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு நேராக என் கடைக்கு வந்து இன்னொரு அட்டை கேட்காதீர்கள்.